தருமபுரி, கிருஷ்ணகிரிக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு: அட்டைக்கு முன்னால் நர்சம்மா

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகும் வழியில் ஒரு சின்ன இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, மஞ்சள் கயிறுகூட இன்னும் வெளுக்கவில்லை. கையில் பிறந்த வீட்டு ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார், மடித்து மடித்துக் கிழிந்த கல்யாணப் பத்திரிகை.

"அக்கா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கணும். அதை வெச்சு முழு உடம்பு செக்கப் பண்ணிக்கலாம்னு வீட்ல சொன்னாங்க."

"அட்டை எடுத்துக்கலாம் கண்ணு. ஆனா அது நோவு வந்து படுத்தாத்தான் உதவும். நல்லா இருக்கும்போது உடம்பைப் பார்த்துக்க அட்டையே வேண்டாம். உங்க ஊரு நர்சம்மா யாருன்னு தெரியுமா?"

தெரியவில்லை. வாரத்துக்கு நாலு பேரிடமாவது இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மருமகளாக வந்தவர்கள், ஓசூர் கம்பெனி வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள், வீட்டுக்காரர் மாற்றலாகி வந்ததால் கூடவே வந்தவர்கள், எல்லாருக்கும்தான்.

நம் ஊரில் இதற்கு இரண்டு வாசல். நோய் வராமல் பார்க்கும் வேலை துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கிறது, இலவசமாக. வந்த நோய்க்குப் பெரிய செலவு வந்தால் காப்பீட்டு அட்டை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் அட்டை வரும்வரை சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். அட்டை வந்ததும் தனியார் லேபுக்குப் போய், "இதுக்கெல்லாம் அட்டை செல்லாதும்மா" என்ற பதிலோடு பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி. என் அண்ணன் மகள் அங்கே இருக்கிறாள். 2010-இல் வந்த ஒரு சட்டப்படி, பெண்களுக்கு என்னென்ன தடுப்புச் சோதனை தேவை என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ளதற்குக் காப்பீட்டு நிறுவனம்தான் முழுப் பணமும் கொடுக்க வேண்டும். பட்டியலை அவ்வப்போது திருத்துகிறார்கள். 2026 ஜனவரியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையைத் திருத்தி, பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையையும் சேர்த்தார்கள். 2027 ஜனவரியிலிருந்து காப்பீடு அதை ஏற்க வேண்டும். அங்கே பட்டியல் மாறினால் காப்பீடும் கூடவே மாறும். இங்கே அந்தக் கயிறு கட்டப்படவில்லை. அதனால் பட்டியல் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று நாம்தான் இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை: நர்சம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்

ஒவ்வொரு ஊரும் ஏதாவது ஒரு துணை சுகாதார நிலையத்தின் கீழ் வரும். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். எது உங்களுடையது என்று தெரியவில்லை என்றால் அங்கன்வாடி டீச்சரைக் கேளுங்கள், அவருக்குக் கட்டாயம் தெரியும்.

போகிற நாளைப் பார்த்துப் போங்கள். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் கூட்டம். புதன்கிழமை தடுப்பூசி நாள், குழந்தைகள் அழுகையில் நர்சம்மாவுக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. வியாழன், வெள்ளி என்றால் உட்கார்ந்து பேசலாம்.

போய் மூன்று விஷயம் செய்யுங்கள். குடும்பப் பதிவேட்டில் பெயர் சேருங்கள். போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் யார் என்று கேளுங்கள். இந்தத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் மகளிர் குழுவிலிருந்து வந்தவர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் திட்டமே 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஊர்ப் பெருமைக்காக ஒரு வரி, அவ்வளவுதான்.

தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் கர்நாடகாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த மருமகள்கள் நிறைய. தமிழ் வாசிக்க வராது என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். அந்தப் பகுதி நர்சம்மாக்கள் பலர் கன்னடமும் தெலுங்கும் சரளமாகப் பேசுவார்கள்.

எந்த வயதில் என்ன கேட்க வேண்டும்

இரத்தசோகை. முதலில் இதைத்தான் சொல்வேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேருக்கு, இரத்தம் குறைவு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் குறைவு, கர்ப்பிணிக்கு 11. ஏழுக்குக் கீழே என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. நம் பக்கம் களி தின்றால் இரத்தம் ஊறும் என்பார்கள். கேழ்வரகில் கால்சியம் நிறைய, அது உண்மை. இரத்தம் குறைந்தவளுக்கு இரும்புச்சத்தைக் களி மட்டும் ஈடுகட்டாது, மாத்திரை வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்துபோய் நிறுத்தியவர்கள் என் மகளிர் குழுவிலேயே மூன்று பேர். பயம் வேண்டாம், அது மாத்திரையின் நிறம்தான். டீயோடு மட்டும் சாப்பிடாதீர்கள், சத்து சேராது. எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. மாதவிலக்கில் துணி அதிகமாக நனைகிறது, கட்டி கட்டியாகப் போகிறது என்றால் அதையும் நர்சம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணத்தைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் விழுங்கிப் பயனில்லை.

அடுத்து, 30 வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 தாண்டியவர்களுக்குப் பிரஷர், சர்க்கரை, வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று ஐந்தையும் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. யாரும் கூப்பிடவில்லையே என்று காத்திருக்காதீர்கள். "எனக்கு முப்பது ஆயிடுச்சு, அஞ்சையும் பார்த்துடுங்க" என்று நீங்களே போய்க் கேளுங்கள். பக்கத்துத் திருப்பத்தூர் உட்பட நாலு மாவட்டத்தில் 2023-இல் வீடு வீடாக அழைப்புச் சீட்டு கொடுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். சீட்டு வந்தால் அலமாரியில் செருகிவைக்காமல் போய்வந்துவிடுங்கள்.

கர்ப்பப்பை வாய்ச் சோதனை என்றதும் எல்லாரும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான், 38 வயதுவரை போகவில்லை. கடைசியில் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். திரை போட்ட அறை. உள்ளே இரண்டு பெண்கள் மட்டும். முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். வாத்து மூக்கு போல ஒரு கருவி, சில்லென்று இருந்தது. பிறகு பஞ்சில் நனைத்த ஒரு திரவம், வினிகர் வாசனை. ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "ஒண்ணும் இல்லக்கா, எறங்கிக்கலாம்." செருப்பைக் கழற்றியதிலிருந்து திரும்ப மாட்டியதுவரை பத்து நிமிடம்கூட இல்லை. வலியும் இல்லை, கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். இந்தப் பத்து நிமிடத்துக்கா எட்டு வருஷம் பயந்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நம் நாட்டு வழிகாட்டுதல்படி இந்தச் சோதனை 30 முதல் 65 வயதுவரை, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் நோயாக மாறுவதற்கு முந்தைய நிலை, அப்போதே சரிசெய்துவிடலாம். அதற்காகத்தான் பார்ப்பதே. மேல் சோதனைக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். தருமபுரியில் 2008-இலிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில் போலுப்பள்ளியில் வந்தது. முன்போல எல்லாவற்றுக்கும் சேலத்துக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

வழிகாட்டுதல் உலக அளவில் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் டி.என்.ஏ. சோதனையைத்தான் உலக சுகாதார நிறுவனம் இப்போது முதலில் சொல்கிறது. 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும். இதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்தாலும் செல்லும் என்கிறார்கள். கூச்சப்படும் நம் மாதிரி ஆட்களுக்கு அது பெரிய விடுதலை. உங்கள் ஆஸ்பத்திரியில் அது வந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் வினிகர் சோதனையைச் செய்துகொண்டு வாருங்கள், புதியது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் பெண் குழந்தை இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி. 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் சிறந்தது. ஒரு டோஸே போதும் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. புனேயில் தயாராகும் நம் நாட்டுத் தடுப்பூசி 2023-இல் விற்பனைக்கு வந்தது. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இலவசமாகப் போட 2025-26 மாநில பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். பள்ளியில் ஒப்புதல் கடிதம் கொடுத்தால் பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள். "இந்த வயசுல எதுக்கு இந்த ஊசி" என்று மாமியார் கேட்டால், அம்மை ஊசி அம்மை வருவதற்கு முன்னால்தானே போடுகிறோம் என்று கேளுங்கள்.

மார்பகம். இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இப்போது இதுதான். 2022-இல் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது. கட்டி பெரும்பாலும் வலிக்காது, அதுதான் பிரச்சினை. வலித்தால் ஓடியிருப்போம். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் குளிக்கும்போது விரல் பரப்பால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுந்தாலோ, காம்பு உள்ளே இழுத்தாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். 30-க்கு மேல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நர்சு அல்லது டாக்டர் கையால் பார்ப்பது இலவசம். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்காது, சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார்கள். அமெரிக்காவில் 2024-இல் மேமோகிராமை 40 வயதிலேயே தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கச் சொல்லி மாற்றினார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தவர்கள் அந்த வயதுவரைகூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் பேசுங்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று, ஃப்ளோரைடு. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் பல ஊர்களில் ஃப்ளோரைடு அதிகம். குழந்தைகள் பல்லில் காவி ஏறும், பெரியவர்களுக்கு முதுகும் மூட்டும் பிடித்துக்கொள்ளும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடியுங்கள், போர் தண்ணீர் துணி துவைக்க. முப்பது வயதிலேயே முதுகு வலிக்கிறது என்று கால்சியம் மாத்திரையாக வாங்கித் தின்பதற்கு முன், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மனசும் உடம்புதான். பிரசவம் ஆகி இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் அடி, உதை என்றால் பெண்கள் உதவி எண் 181.

மாசமானால்

நாள் தள்ளிப்போனதும், 12 வாரத்துக்குள், நர்சம்மாவிடம் பதிவு செய்துவிடுங்கள். 12 இலக்கத்தில் ஒரு எண் தருவார்கள், பிக்மி நம்பர் என்பார்கள். அது இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறவர்களும் இந்த எண்ணை வாங்கியே ஆக வேண்டும். அம்மா வீட்டில் பிரசவம் என்றால் அதே எண் அங்கேயும் செல்லும், புதிதாக எடுக்க வேண்டாம்.

சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸ், குமட்டும். அதைத் தவிர்க்காதீர்கள். முதலில் ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 பணம், தவணை தவணையாக வரும். மீதி 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு. முதல் இரண்டு பிரசவத்துக்கு, 19 வயது முடிந்தவர்களுக்கு. பணம் வராமல் நிற்பதற்கு நான் பார்த்த காரணம் பெரும்பாலும் ஒன்றே: வங்கிக் கணக்கு அப்பா இனிஷியலில், ஆதார் புருஷன் இனிஷியலில். முதல் தவணைக்கு முன்பே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

இரண்டாவது வேலை: ரேஷன் கார்டில் பெயர்

இப்போது அட்டைக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ரேஷன் கார்டைத்தான் குடும்பமாக எடுத்துக்கொள்ளும். புகுந்த வீட்டுக் கார்டில் உங்கள் பெயர் இல்லை என்றால் அந்த வீட்டு அட்டையில் நீங்கள் இல்லை. பிறந்த வீட்டு அட்டையில் இருந்தாலும், கல்யாணமான பிறகு அதைக் காட்டினால் கேள்வி வரும். இடைப்பட்ட காலத்தில் ஒரு ஆபரேஷன் வந்தால் திண்டாட்டம்தான்.

எனவே முதலில் பிறந்த வீட்டுக் கார்டில் பெயர் நீக்கம், அடுத்து புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் சேர்ப்பு. இரண்டுமே ஆன்லைனில்தான். தனிக்குடித்தனம் என்றால் புதுக் கார்டு. நீக்கியதற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள், சேர்க்கும்போது கேட்பார்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சேர்க்க மட்டும் விண்ணப்பித்துவிட்டு, "ரிஜெக்ட் ஆயிடுச்சுக்கா" என்று வருகிறவர்கள். ஒரே ஆதார் இரண்டு கார்டில் ஏறாது.

மூன்றாவது: அட்டை

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். முதலில் உங்களுக்குக் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று உருவாக்குவோம், பிறகு விண்ணப்பம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே போகும். நடுவில் வி.ஏ.ஓ. நேரில் வரச் சொன்னால் போய்விடுங்கள், போகாவிட்டால் அங்கேயே கிடக்கும்.

சான்று வந்ததும் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். போட்டோ எடுப்பார்கள். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்தவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று குறைதீர் நாள், கலெக்டர் ஆபீஸ் முழுக்க மனுவோடு ஜனம்.

போவதற்கு முன் ஒன்று பாருங்கள். புகுந்த வீட்டில் ஏற்கெனவே அட்டை இருக்கலாம், மாமியார் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில். ரேஷன் கார்டு எண்ணைப் போட்டால் திட்டத்தின் இணையதளத்திலேயே தெரிந்துவிடும், இ-அட்டையும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில். எல்லா ஆஸ்பத்திரியும் எல்லா சிகிச்சைக்கும் சேர்ந்திருக்காது. ஒன்று இதயத்துக்கு மட்டும், இன்னொன்று எலும்புக்கு மட்டும் என்று இருக்கும். படுப்பதற்கு முன் 1800 425 3993-க்கு இலவசமாக அழைத்து, இந்த நோய்க்கு இந்த ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

படுத்த பிறகு

சேர்ந்தவுடன் காப்பீட்டுக் கவுண்டரில் அட்டையைக் கொடுங்கள். அவர்கள் அனுமதி கேட்டு அனுப்புவார்கள், அது வந்த பிறகுதான் ஆபரேஷன். அவசரம் என்றால் போனிலேயே கேட்பார்கள். டிஸ்சார்ஜ் அன்று அட்டையை நீட்டினால் எதுவும் நடக்காது.

என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் தனியாக 6,400 ரூபாய் கட்டச் சொன்னார்கள். ரசீது கேட்டால் வெள்ளைத் தாளில் கூட்டல் போட்டுக் கொடுத்தார்கள். நான் கவுண்டர் முன்னாலேயே நின்றுகொண்டு இலவச எண்ணுக்குப் போன் போட்டேன். சத்தமாகத்தான் பேசினேன், வேண்டுமென்றே. அரை மணியில் பணம் திரும்பி வந்தது. திரும்பி வராவிட்டால் கலெக்டர் தலைமையில் மாவட்டக் குறைதீர்க் குழு இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுக்கலாம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பு. அதிக இரத்தப்போக்கு, வெள்ளைப்படுதல் என்று போனால், "அட்டை இருக்கில்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று சில இடங்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். புற்றுநோய் போன்ற காரணங்களுக்கு எடுக்கத்தான் வேண்டும். மற்றவற்றுக்கு மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவி மாதிரி வழிகள் இருக்கின்றன. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. நாற்பதுக்குள் எடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரியில் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். மாறாக, மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்துத் திரும்ப இரத்தம் பட்டால் ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது.

ஓசூர் கம்பெனிப் பெண்களுக்கு

உங்கள் சம்பளம் மாதம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு கட்டாயம். உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். 16,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 120 ரூபாய், கம்பெனி போடுவது 520. சம்பளச் சீட்டில் 120 பிடித்திருந்தும் உங்களுக்கு இ.எஸ்.ஐ. எண்ணே வரவில்லை என்றால் காண்ட்ராக்ட்காரரிடம் அன்றைக்கே கேளுங்கள். ஓசூரிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலையில் சேர்ந்ததிலிருந்தே சிகிச்சை உண்டு, உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. அவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்றால் அங்கே உள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிரசவ விடுப்பு 26 வாரம், முழுச் சம்பளக் கணக்கில், முதல் இரண்டு குழந்தைக்கு. ஆனால் முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல்-செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர்-மார்ச் இன்னொன்று. மாசமான பிறகு கம்பெனி மாறும் யோசனை இருந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தன. 40 வயதைத் தாண்டிய தொழிலாளருக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச உடல் பரிசோதனை என்று அதில் இருக்கிறது. உங்கள் லைனில் இருக்கும் மூத்த அக்காக்களிடம் சொல்லுங்கள், எச்.ஆரைக் கேட்கட்டும்.

தனியார் பாலிசி எடுப்பவர்களுக்கு, சுருக்கமாக

வருமான வரம்பைத் தாண்டியவர்கள், இ.எஸ்.ஐ.-யும் இல்லாதவர்கள் பாலிசி எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முன்பே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் காத்திருக்க வைக்கலாம். பிரசவத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், ஆண்டுப் பரிசோதனை உண்டா, அதில் மேமோகிராம் இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் வாயால் கேட்டால் போதாது, தாளில் காட்டச் சொல்லுங்கள். தைராய்டு, சர்க்கரை, பழைய சிசேரியன் எதையும் மறைக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் பாலிசி கைக்கு வந்த 30 நாளில் திருப்பிக் கொடுக்கலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத் தடுப்புப் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய்வரை வரிக்கழிவாகக் காட்ட முடியும்.

கவர்

அந்தப் புதுப் பெண்ணுக்கு ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் கொடுத்தேன். பெயர் நீக்கச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, வங்கிப் புத்தக முதல் பக்கம், எல்லாம் இரண்டிரண்டு நகல். நர்சம்மா எழுதித் தரும் இரத்த அளவு, பிரஷர் அளவு, சோதனை செய்த தேதி இதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில். கவரின் மேலேயே மார்க்கரில் நாலு எண்: 104 உடல்நல ஆலோசனைக்கு, 108 ஆம்புலன்ஸ், 1800 425 3993 காப்பீடு, நாலாவது அவள் ஊர் நர்சம்மா நம்பர். நாலாவதுக்கு இடம் விட்டுக் கொடுத்தேன்.

மறுவாரம் பெயர் நீக்கச் சான்று வாங்க வந்தபோது அந்த இடத்தில் பச்சைப் பேனாவில் ஒரு நம்பர் எழுதியிருந்தது. "ஹீமோகுளோபின் ஒன்பதுதானாம் அக்கா. மாத்திரை குடுத்தாங்க. கறுப்பா போகும்னு அவங்களே சொல்லிட்டாங்க."